பெரியப்பா கன்சல்டன்ட்டா, இல்லையா? பழைய பிரிட்டிஷ் மனநல மருத்துவப் பதவிகளை எப்படிப் படிப்பது

உங்கள் கேள்வியைச் சுருக்கமாக இப்படி எடுத்துக்கொள்கிறேன். சென்னையில் எம்.பி.பி.எஸ். முடித்த உங்கள் பெரியப்பா 1966இல் இங்கிலாந்து போனார். அவர் காலமான பிறகு பெட்டியில் கிடைத்த ஒரு பக்கத் தட்டச்சுத் தாளில் இந்த வரிசை இருக்கிறது: 1967 மனநலப் பிரிவில் எஸ்.எச்.ஓ., 1969 ரெஜிஸ்ட்ரார், 1971 டி.பி.எம். (மனநல மருத்துவப் பட்டயம்), 1974 மெடிக்கல் அசிஸ்டென்ட், 1981 அசோசியேட் ஸ்பெஷலிஸ்ட், 1995 ஓய்வு. ஊரில் எல்லாரும் அவரை ‘லண்டன் கன்சல்டன்ட்’ என்றே சொல்லி வந்தார்கள், தாளிலோ அந்தச் சொல்லே இல்லை. ரெஜிஸ்ட்ராராக இருந்தவர் அசிஸ்டென்ட் ஆனதைப் பார்த்துவிட்டு, பதவி இறக்கமா, படிப்பைப் பாதியில் விட்டாரா, ஏதாவது தப்பு நடந்ததா என்று வீட்டில் பேச்சு. அங்கே இப்போது சி.டி.2 ஆக, அதாவது மனநலப் பயிற்சியின் இரண்டாம் வருடத்தில் இருக்கும் உங்கள் தங்கைக்கும் இந்தப் பெயர்கள் பிடிபடவில்லை. அவர் உண்மையிலேயே மனநல நிபுணர்தானா என்பதுதான் நீங்கள் தெரிந்துகொள்ள விரும்புவது என்று நினைக்கிறேன்.

பதவி இறக்கம் இல்லை, இதை உறுதியாகச் சொல்லலாம். அந்தத் தாளில் உள்ள வரிசை அந்தத் தலைமுறையில் அங்கே போன நம் மருத்துவர்கள் பலருடைய வரிசைதான். நான் 1990களின் தொடக்கத்தில் எஸ்.எச்.ஓ.வாகச் சேர்ந்து, பதவிப் பெயர்கள் இரண்டு முறை தலைகீழாக மாறியதை உள்ளே இருந்து பார்த்தவன். பிறகு கன்சல்டன்ட்டாகப் பயிற்சி மருத்துவர்களை மேற்பார்த்தேன். அதற்கு முந்தைய காலத்தைப் பற்றி நான் சொல்வதெல்லாம் மூத்தவர்கள் சொல்லக் கேட்டதும் பழைய அறிக்கைகளில் படித்ததும்.

முதலில் ஒன்றைப் பிரித்துக்கொள்ள வேண்டும். பிரிட்டிஷ் மருத்துவமனைகளில் இரண்டு வகைப் பதவிகள் இருந்தன. ஒன்று பயிற்சிப் பதவிகள்: ஹவுஸ் ஆபீசர், சீனியர் ஹவுஸ் ஆபீசர் என்ற எஸ்.எச்.ஓ., ரெஜிஸ்ட்ரார், சீனியர் ரெஜிஸ்ட்ரார். இவை காலக்கெடு உள்ளவை, குறிப்பிட்ட வருடங்கள் முடிந்தால் அடுத்த இடம் தேடியாக வேண்டும். இன்னொன்று நிரந்தரப் பதவிகள். அவற்றின் உச்சி, நோயாளிகளுக்கு இறுதிப் பொறுப்பேற்கும் நிபுணரான கன்சல்டன்ட். கன்சல்டன்ட் ஆகாமலே நிரந்தரமாக இருக்கக்கூடிய பதவிகளும் பக்கத்திலேயே இருந்தன. மெடிக்கல் அசிஸ்டென்ட் அப்படிப்பட்டது. ஆக, 1974இல் உங்கள் பெரியப்பா கெடுவுள்ள ஒரு வேலையிலிருந்து ஓய்வு வயது வரை உத்தரவாதமான வேலைக்குப் போயிருக்கிறார். ஏணியில் இறங்கவில்லை, ஏணியை விட்டு விலகியிருக்கிறார். விலகினாரா, விலக்கப்பட்டாரா என்பது வேறு கேள்வி. அதற்குக் கீழே வருகிறேன்.

இந்த அமைப்பு எங்கிருந்து வந்தது என்று பார்த்தால் அவர் நிலை இன்னும் தெளிவாகும். 1948 ஜூலை 5ஆம் தேதி தேசிய சுகாதார சேவை தொடங்கும் வரை மனநல மருத்துவமனைகள் பெரும்பாலும் கவுன்ட்டி, நகராட்சி நிர்வாகங்களின் கையில் இருந்தன. ஊருக்கு வெளியே பெரிய வளாகம், அதற்குள்ளேயே வீட்டோடு குடியிருக்கும் மெடிக்கல் சூப்பரின்டென்டென்ட், அவருக்குக் கீழே ஒரு துணை, அதற்கும் கீழே உதவி மருத்துவ அலுவலர்கள். சூப்பரின்டென்டென்ட் மருத்துவர் மட்டுமல்ல. பண்ணை, சமையல்கட்டு, சலவைக்கூடம், ஊழியர் நியமனம் எல்லாமே அவர் கையெழுத்தில்தான் நடக்கும். 1948க்குப் பிறகு மற்ற மருத்துவத் துறைகளின் பதவி வரிசையை அப்படியே மனநலத்துக்கும் கொண்டுவந்தார்கள். ஆனால் பழைய ராஜ்ஜியம் உடனே போய்விடவில்லை. 1959ஆம் ஆண்டு மனநலச் சட்டம்தான் சூப்பரின்டென்டென்ட்டின் சட்டபூர்வமான அதிகாரத்தை எடுத்துவிட்டு, கட்டாயமாக வைக்கப்பட்ட ஒவ்வொரு நோயாளிக்கும் ‘பொறுப்பு மருத்துவ அலுவலர்’ ஒருவர் என்று வைத்தது. நடைமுறையில் அது கன்சல்டன்ட். உங்கள் பெரியப்பா போய்ச் சேர்ந்தது இந்த மாற்றம் நடந்து சில வருடங்களே ஆன நேரம்.

அப்போது அந்த மருத்துவமனைகளில் எவ்வளவு பேர் இருந்தார்கள் என்பதையும் நினைத்துப் பார்க்க வேண்டும். 1950களின் நடுவில் இங்கிலாந்திலும் வேல்ஸிலும் சேர்த்து ஏறக்குறைய 1,50,000 பேர் மனநல மருத்துவமனைப் படுக்கைகளில் இருந்தார்கள். அதுதான் உச்சம். 1961இல் சுகாதார அமைச்சர் ஈனாக் பவல் இந்த மருத்துவமனைகள் மூடப்படும் என்று அறிவித்தாலும், பெரியவை பல மூடப்பட்டது 1980களிலும் 1990களிலும்தான். லண்டன் வட்டாரத்தில் மட்டும் பான்ஸ்டெட் 1986, ஃப்ரையர்ன் 1993, கிளேபரி 1997. இடைப்பட்ட கால் நூற்றாண்டுக்கு மேல் அங்கே வேலை பார்க்க ஆள் வேண்டியிருந்தது. பிரிட்டிஷ் இளம் மருத்துவர்கள் மருத்துவம், அறுவை, போதனா மருத்துவமனை என்று ஓடினார்கள். ஊருக்கு வெளியே இருக்கிற மனநல மருத்துவமனைக்கும், முதியோர் மருத்துவத்துக்கும், அப்போது மனவளர்ச்சிக் குறை மருத்துவமனை என்று தனியாக இருந்தவற்றுக்கும் வந்தவர்களில் பெரும்பகுதியினர் இந்தியா, பாகிஸ்தான், இலங்கையைச் சேர்ந்தவர்கள். சென்னைப் பட்டம் அங்கே நேரடியாக ஏற்கப்பட்ட காலம் அது. இந்தியப் பட்டங்களுக்கான அந்த அங்கீகாரம் 1975இல்தான் போனது, அதன் பிறகு போனவர்கள் தகுதித் தேர்வு எழுதினார்கள்.

இனி தாளை வரி வரியாகப் பார்க்கலாம். ஹவுஸ் ஆபீசர் வரி அதில் இல்லாதது இயல்பு. அந்த வருடத்தை அவர் இங்கேயே ஹவுஸ் சர்ஜனாக முடித்திருப்பார். 1967இல் எஸ்.எச்.ஓ. என்பது துறைக்குள் நுழையும் முதல் படி. 1969இல் ரெஜிஸ்ட்ரார் என்பது அடுத்த படி. மற்ற துறைகளில் இந்த இரண்டுக்கும் நடுவே பெரிய இடைவெளி உண்டு. மனநலத்தில் அன்றாட வேலையைப் பொறுத்தவரை பல இடங்களில் அவ்வளவாக வித்தியாசம் இருக்காது, இருவரும் ஒரே இரவுப் பணிப் பட்டியலில் மாறி மாறி வருவார்கள். வளாகத்துக்குள்ளேயே குடியிருப்பு. இரவு ஒரு வார்டில் கீழே விழுந்த முதியவருக்குத் தையல், இன்னொன்றில் வலிப்பு, மூன்றாவதில் போலீஸ் கூட்டிவந்த புது நோயாளி. காலையில் மயக்க மருந்து நிபுணர் வந்ததும் மின்னதிர்ச்சி சிகிச்சைப் பட்டியல். பொத்தானை அழுத்துவது பெரும்பாலும் இளையவர்களில் ஒருவர்தான். அப்புறம் நீண்டகால வார்டுகள்: இருபது முப்பது வருடமாக அங்கேயே இருப்பவர்களை வருடத்துக்கு ஒரு முறை தலை முதல் கால் வரை பரிசோதித்து எழுத வேண்டும். பெட்டியில் பழைய குறிப்புகள் ஏதாவது இருந்து, அவற்றில் செக்ஷன் 25, 26, 29 என்று வந்தால், அவை ஒருவரைக் கட்டாயமாக மருத்துவமனையில் வைப்பதற்கான 1959ஆம் வருடச் சட்டப் பிரிவுகள். 25 என்றால் 28 நாள் கண்காணிப்பு, 26 சிகிச்சைக்காக, 29 அவசரமாக 72 மணி நேரம். செக்ஷன் 2, 3, 4 என்று வந்தால் அது 1983ஆம் வருடச் சட்டத்துக்குப் பிந்தியது. தேதி இல்லாத தாளுக்கு இதை வைத்தே காலம் சொல்லிவிடலாம்.

1971 டி.பி.எம். வரிதான் என்னைக் கொஞ்சம் நிறுத்தியது. நம் ஊர் மனநல மருத்துவர்களின் பெயர்ப்பலகையில் டி.பி.எம். என்று பார்த்திருப்பீர்கள், இதுவும் அந்த வகைப் பட்டயம்தான். பிரிட்டனில் 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலிருந்தே அது மனநலத்துக்கான முதன்மைத் தகுதி. பல தலைமுறைக் கன்சல்டன்ட்கள் அதை மட்டும் வைத்தே மேலே போனார்கள். 1971இல்தான் பழைய ராயல் மெடிக்கோ-சைக்கலாஜிக்கல் அசோசியேஷன், ராயல் காலேஜ் ஆஃப் சைக்யாட்ரிஸ்ட்ஸ் என்ற மனநல மருத்துவர்களின் தொழில் அமைப்பு ஆனது. இந்தக் கல்லூரி தனக்கென்று எம்.ஆர்.சி.சைக். என்ற உறுப்பினர் தேர்வைக் கொண்டுவந்தது. ஏற்கெனவே பதவியில் நிலைத்திருந்த மூத்தவர்கள் பலர் தேர்வு எழுதாமலே உறுப்பினரானார்கள். இளையவர்கள் எழுத வேண்டியிருந்தது. சில வருடங்களில் சீனியர் ரெஜிஸ்ட்ரார் இடத்துக்கு விண்ணப்பிப்பவரிடம் எம்.ஆர்.சி.சைக். இருக்கிறதா என்பதே முதல் கேள்வியாகிவிட்டது. உங்கள் பெரியப்பா டி.பி.எம். வாங்கிய அதே வருடம் அதன் மதிப்பு சரியத் தொடங்கியது. படிப்பை அவர் பாதியில் விடவில்லை. படித்து முடித்தார், முடித்த கையோடு தேவையான தகுதி மாறிவிட்டது. கூடவே கல்லூரி ஒவ்வொரு மருத்துவமனையாக நேரில் போய் ஆய்வு செய்து, பயிற்சிக்குத் தகுதியான இடமா என்று முடிவு செய்யத் தொடங்கியது. இது நல்ல காரியம், அதுவரை பயிற்சி என்ற பெயரில் வெறும் வேலைதான் பல இடங்களில் வாங்கப்பட்டது. ஆனால் அங்கீகாரம் கிடைக்காத மருத்துவமனையில் ஏற்கெனவே மாட்டிக்கொண்டிருந்தவருடைய வருடங்கள் தேர்வுக்குக் கணக்கில் வராமல் போகும் அபாயமும் அதோடு வந்தது.

சரி, ரெஜிஸ்ட்ராருக்கும் கன்சல்டன்ட்டுக்கும் நடுவே இருந்த சீனியர் ரெஜிஸ்ட்ரார் படி என்ன? அதுதான் மொத்த ஏணியின் குறுகலான இடம். அந்த இடங்களின் எண்ணிக்கையை மையத்திலிருந்து கட்டுப்படுத்தினார்கள். எத்தனை கன்சல்டன்ட் இடம் வரும் என்று கணக்குப் பார்த்துத்தான் அவற்றை உண்டாக்குவார்கள். எஸ்.எச்.ஓ., ரெஜிஸ்ட்ரார் இடங்களோ மருத்துவமனையை ஓட்டுவதற்கு எவ்வளவு ஆள் வேண்டுமோ அவ்வளவு. கல்யாண மண்டபத்தில் பெரிய வாசல் வழியாகக் கூட்டத்தை உள்ளே விட்டுவிட்டு, பந்திக்குப் போக ஒற்றைக் கதவை மட்டும் திறந்து வைத்தது போல. உள்ளே வந்த எல்லாரும் அந்தக் கதவு வழியாகப் போக முடியாது என்பது அமைப்பை வரைந்தவர்களுக்குத் தெரியும். தெரிந்ததால்தான் பக்கத்தில் வேறு பதவிகளையும் வைத்தார்கள். 1948க்குப் பிறகு அது சீனியர் ஹாஸ்பிட்டல் மெடிக்கல் ஆபீசர். 1961இல் சர் ராபர்ட் பிளாட் தலைமையிலான குழுவின் அறிக்கை அதை மூடிவிட்டு மெடிக்கல் அசிஸ்டென்ட் என்ற பதவியைப் பரிந்துரைத்தது, 1964இல் அது வந்தது. அந்தப் பெயர் அதில் இருந்தவர்களுக்கே பிடிக்கவில்லை. 1981இல் அதை அசோசியேட் ஸ்பெஷலிஸ்ட் என்று மாற்றினார்கள். ஆகவே உங்கள் தாளில் 1981இல் தெரிவது பதவி உயர்வாக இல்லாமல், அதே நாற்காலிக்கு வந்த புதுப் பெயராக இருக்கவே வாய்ப்பு அதிகம். கடிதத் தாளில் பெயர் மாறியது, வார்டு அதேதான்.

இந்தப் பதவியில் இருந்தவர்கள் என்ன செய்தார்கள் என்பதை நேரில் பார்த்தவன் என்ற முறையில் சொல்கிறேன். நான் எஸ்.எச்.ஓ.வாகச் சேர்ந்த மருத்துவமனையில் யாழ்ப்பாணத்தைச் சேர்ந்த அசோசியேட் ஸ்பெஷலிஸ்ட் ஒருவர் இருந்தார். காகிதத்தில் அவருக்கு மேலே ஒரு கன்சல்டன்ட். நடைமுறையில் இரண்டு நீண்டகால வார்டும் ஊசி கிளினிக்கும் அவருடையது. மோடிகேட் போன்ற நீடித்த விளைவுள்ள ஊசிகள் வந்த பிறகு, வெளியே போன நோயாளிகள் இரண்டு மூன்று வாரத்துக்கு ஒரு முறை வந்து போட்டுக்கொள்வார்கள். அவர் யாரையும் நேராக அறிகுறி பற்றிக் கேட்க மாட்டார். நேற்று ராத்திரி என்ன சாப்பிட்டாய், யார் சமைத்தது, பக்கத்து வீட்டுக்காரர் இன்னும் கத்துகிறாரா என்று தொடங்குவார். பக்கத்து வீட்டுக்காரர் பற்றிய பதிலிலேயே அந்த ஆளுக்கு நோய் திரும்புகிறதா என்று அவருக்குத் தெரிந்துவிடும். ஒரு நோயாளியின் கை நடுக்கத்தைப் பார்த்ததும் நர்ஸிடம் ரத்தத்தில் லித்தியம் மருந்தின் அளவை அன்றைக்கே எடுக்கச் சொன்னார், அது அதிகமானாலும் கை நடுங்கும். நானும் கன்சல்டன்ட்டும் அதே நடுக்கத்தை முந்தின நாள் பார்த்து, பதற்றம் என்று எழுதியிருந்தோம். கட்டாயச் சேர்க்கைப் படிவத்தில் எதை எழுதினால் நிற்கும், எதை எழுதினால் தீர்ப்பாயத்தில் நிற்காது என்பதை எனக்குச் சொல்லிக்கொடுத்ததும் அவர்தான். மருத்துவமனைகள் மூடப்பட்டபோது, வார்டில் இருந்த ஒவ்வொருவரும் எப்போது வந்தார், யாருக்கு எங்கே ஒரு தங்கை இருக்கிறாள், யாரோடு யாரை ஒரே வீட்டில் வைக்கக் கூடாது என்பதெல்லாம் இவர்களைப் போன்றவர்களின் நினைவில்தான் இருந்தது. கன்சல்டன்ட்கள் மாறிக்கொண்டே இருந்தார்கள், இவர்கள் இருந்தார்கள்.

அடுத்து, உறுதியாகச் சொல்ல முடியாத பகுதி. அவருக்கு ஏன் சீனியர் ரெஜிஸ்ட்ரார் இடம் கிடைக்கவில்லை என்பதை அந்த ஒரு தாளை வைத்து யாராலும் சொல்ல முடியாது. விண்ணப்பித்து மறுக்கப்பட்டிருக்கலாம். எம்.ஆர்.சி.சைக். எழுதித் தவறியிருக்கலாம். குழந்தைகள் பள்ளியில் சேர்ந்த பிறகு, இரண்டு வருடத்துக்கு ஒரு முறை ஊர் மாறும் வாழ்க்கை போதும் என்று அவரே நிரந்தர வேலையைத் தேர்ந்தெடுத்திருக்கலாம். அந்தக் காலத்து நேர்முகத் தேர்வுக் குழுக்களில் தோலின் நிறமும் பேச்சின் ஒலியும் எடை போடப்பட்டன என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. வெளிநாட்டு மருத்துவர்கள் யாருக்கும் வேண்டாத துறைகளிலும் பதவிகளிலும் குவிந்தது தற்செயலாக நடந்ததல்ல. அதே நேரத்தில், அதே குழுக்களைத் தாண்டி நம்மவர்கள் சிலர், குறிப்பாக முதியோர் மனநலம், மனவளர்ச்சிக் குறை போன்ற ஆள் பற்றாக்குறைத் துறைகளில், கன்சல்டன்ட்டும் ஆனார்கள். உங்கள் பெரியப்பாவின் விஷயத்தில் இவற்றில் எது நடந்தது என்பதை அவர் கடிதங்களோ பெரியம்மாவோதான் சொல்ல வேண்டும். நான் ஊகித்து எழுதினால் அது நாளைக்கு உங்கள் குடும்ப வரலாறாகிவிடும்.

உங்கள் தங்கைக்காக இன்றைய பெயர்களோடு பொருத்திச் சொல்கிறேன். 1990களின் நடுவில் தலைமை மருத்துவ அலுவலர் கென்னத் கால்மனின் பெயரால் அறியப்படும் சீர்திருத்தம் வந்தது. மற்ற துறைகளில் ரெஜிஸ்ட்ராரையும் சீனியர் ரெஜிஸ்ட்ராரையும் இணைத்து ஸ்பெஷலிஸ்ட் ரெஜிஸ்ட்ரார் என்று ஒரே பதவியாக்கினார்கள். மனநலத்தில் இணைப்பு வேறு இடத்தில் விழுந்தது. இங்கே எம்.ஆர்.சி.சைக். தேர்வுதான் எல்லைக்கோடு என்பதால், தேர்வுக்கு முந்தைய ரெஜிஸ்ட்ரார் எஸ்.எச்.ஓ.வுக்குள் கரைந்தார், தேர்வுக்குப் பிந்தைய சீனியர் ரெஜிஸ்ட்ரார்தான் ஸ்பெஷலிஸ்ட் ரெஜிஸ்ட்ரார் ஆனார். முந்தின வாரம் ரெஜிஸ்ட்ரார் என்று அட்டை மாட்டியிருந்தவர்கள் திரும்ப எஸ்.எச்.ஓ. ஆனபோது வார்டில் நிறைய மனவருத்தம். மற்ற துறை நண்பர்களுக்கு இதைப் புரியவைப்பதும் கஷ்டமாக இருந்தது. 2005இல் எஃப்1, எஃப்2 என்ற ஃபவுண்டேஷன் வருடங்களும் 2007இல் இன்று சி.டி., எஸ்.டி. என்று எண்ணோடு சொல்லப்படும் புதிய பயிற்சிப் படிகளும் வந்தன. 2007இல் கணினி வழி விண்ணப்ப முறை சொதப்பி, இளம் மருத்துவர்கள் லண்டனில் பேரணி போய், சுகாதார அமைச்சர் பட்ரீஷியா ஹெவிட் மன்னிப்புக் கேட்டது தனிக் கதை. ஆக, இன்றைய எஃப்1 பழைய ஹவுஸ் ஆபீசர். எஃப்2இலிருந்து சி.டி.3 வரை மனநலத்தில் பழைய எஸ்.எச்.ஓ.வும் ரெஜிஸ்ட்ராரும் சேர்ந்தது. எஸ்.டி.4 முதல் 6 வரை பழைய சீனியர் ரெஜிஸ்ட்ரார். அந்தக் கணக்கில் உங்கள் தங்கை இப்போது நிற்பது, பெரியப்பா 1969 வாக்கில் நின்ற இடம். இரவுப் பணியில் இருப்பவரை இன்றும் வார்டில் எஸ்.எச்.ஓ. என்றே கூப்பிடுவதை அவரும் கேட்டிருப்பார். அசோசியேட் ஸ்பெஷலிஸ்ட் பதவிக்குப் புதிதாக ஆள் எடுப்பது 2008இல் நின்றது. 2021இல் இங்கிலாந்தில் ஸ்பெஷலிஸ்ட் என்ற பெயரில் ஏறக்குறைய அதே இடம் திரும்ப வந்திருக்கிறது. இடையில் 2005 முதல், பயிற்சி ஏணியில் ஏறாதவர்களும் அனுபவத்தை ஆவணமாகக் காட்டி நிபுணர் பதிவேட்டில் சேர வழி திறந்தது. உங்கள் பெரியப்பா ஓய்வு பெற்று பத்து வருடம் ஆகிவிட்டிருந்தது. எத்தனையோ பேருக்கு அந்தக் கதவு இப்படித் தாமதமாகத்தான் திறந்தது. இதை நினைத்தால் எனக்கு இன்றும் ஆறவில்லை.

மேலே தேட விரும்பினால், பிரிட்டனில் வருடாவருடம் வந்த மெடிக்கல் டைரக்டரியைப் பாருங்கள். அது ஒவ்வொரு மருத்துவரின் தகுதி, தற்போதைய பதவி, முந்தைய பதவிகளைச் சுருக்கெழுத்தில் தரும். லண்டன் வெல்கம் நூலகத்தில் பழைய தொகுதிகள் உண்டு, உங்கள் தங்கை ஒரு நாள் போனால் போதும். 1970களின் தொகுதிகளில் அவர் பெயருக்குப் பின்னால் எம்.ஆர்.சி.சைக். இருக்கிறதா என்பதை முதலில் பார்க்கச் சொல்லுங்கள். அவர் வேலை செய்த மருத்துவமனை மூடப்பட்டிருந்தால் அதன் பதிவுகள் அந்தக் கவுன்ட்டி ஆவணக் காப்பகத்துக்குப் போயிருக்கும். நோயாளிகள் பற்றியவற்றை நூறு வருடம் வரை காட்ட மாட்டார்கள், ஊழியர் பதிவுகளும் நிர்வாகக் குழுக் குறிப்புகளும் சில இடங்களில் கிடைக்கும். அதற்கு முன்னால் அந்தப் பெட்டியை இன்னொரு முறை துழாவுங்கள். ‘செக்ஷன் 12’ என்று தலைப்பிட்ட ஒரு அங்கீகாரக் கடிதம் இருக்கலாம், 1983க்கு முன் என்றால் ‘செக்ஷன் 28’ என்று இருக்கும். அசோசியேட் ஸ்பெஷலிஸ்ட்கள் பலரிடம் அது இருந்தது. மனநோயைக் கண்டறிவதிலோ சிகிச்சையளிப்பதிலோ தனி அனுபவம் உள்ளவர் என்று சட்டத்தின் கீழ் ஒரு மருத்துவரை ஏற்றுக்கொண்டதற்கான அத்தாட்சி அது. அந்தக் கடிதம் கிடைத்தால், ஊரில் யார் கேட்டாலும் கன்சல்டன்ட் என்று சொல்லாமல் மனநல நிபுணர் என்று தயங்காமல் சொல்லலாம்.